பாட்டு மட்டும் போதாது

“மாலை சின்னதா இருக்குண்ணே. கேமராவுல தெரியவே மாட்டேங்குது.”

விஸ்வா சொன்னதும் அய்யாக்கண்ணு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். போட்டோவில் கிடந்த மாலையைக் கழற்றிவிட்டு, பட்டுக்கோட்டையில் கூடுதலாக வாங்கி வைத்திருந்த சம்பங்கி மாலையைப் போட்டார். போட்டோவுக்கு வைத்த சந்தனம் வழிந்திருந்தது. கட்டைவிரலால் துடைத்து, புதிதாக வைத்தார்.

படத்தில் இருந்தவருக்குத் தலைமுடியும் மீசையும் கருகருவென்று இருந்தன.

“இதவிடச் சமீபத்துல எடுத்த போட்டோ கெடையாதா?”

“கல்யாணத்தப்ப ஸ்டுடியோவுல எடுத்தது சார். இருபத்திரெண்டு வருசமாச்சு. அதுக்கப்புறம் கடலுக்குப் போறவன எவன் போட்டோ எடுத்தான்?”

சென்னையிலிருந்து சேனல் ஆட்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். பாட்டுப் போட்டியில் பாடுகிறவர்களின் குடும்பக் கதையை வீடு தேடி வந்து எடுப்பது விஸ்வாவின் வேலை. ஐந்து நிமிஷ வீடியோ. அது சரியாக வந்தால் பூமிகா முதல் பத்துப் பேரில் ஒருத்தி. வராவிட்டால் அவள் வீட்டிலேயே பாடிக்கொள்ளலாம்.

தஞ்சாவூர்த் தேர்வுக்கு அவள் போனது இது மூன்றாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் கைதட்டினார்கள், அனுப்பிவிட்டார்கள். “கொரல் இருக்கும்மா, கதை இல்லையே” என்று விண்ணப்பம் வாங்கிய பெண் முகத்துக்கு நேராகவே சொன்னாள். இந்த வருஷம் எடுத்துக்கொண்டார்கள்.

விஸ்வா கையிலிருந்த தாளைப் படித்தான். “போன ஐப்பசி. புயல்ல மீன்பிடி போட்டு கவுந்துச்சு. பூமிகாவோட அப்பா கெடைக்கல. சரிதானேண்ணே?”

“போட்டு கவுந்தது நெசந்தான் சார்.”

“நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“பக்கத்துலயே இருக்கறவன். ஒரே போட்டு.”

“அன்னிக்கு நீங்களும் போனீங்களா?”

“போனேன்.”

“தப்பிச்சிட்டீங்க.”

“ஆமா சார். தப்பிச்சிட்டேன்.”

“அப்ப நீங்களே கேமரா முன்னாடி சொல்லுங்களேன்.”

“எனக்குப் பேச்சு வராது சார்.” அய்யாக்கண்ணு தலைத்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு லைட்டுக்குப் பின்னால் போய் நின்றார்.

“அவரு பாடுவாரா?”

“வலை இழுக்கறப்ப எதையாவது பாடுவாரு. மக வாயத் தொறந்தா அவரு வாய மூடிக்குவாரு.”

விஸ்வா அதைக் குறித்துக்கொண்டான்.

தெருவில் ஒருத்தர்கூட வேடிக்கை பார்க்க வரவில்லை. “நல்ல ஊருப்பா. மத்த எடத்துல கூட்டத்த வெரட்டியே பாதி நாள் போயிடும்” என்றான் கேமராக்காரன் சுஹைப்.

எல்லையம்மாள் போட்டோவுக்குக் கீழே மகள் பூமிகாவோடு உட்கார்ந்தாள். “அவரு போனதுக்கப்பறம் இவ கொரலக் கேட்டுத்தான் நான் உசுரோட இருக்கேன்.” மூன்றாவது தடவையும் அவளுக்கு அழுகை வரவில்லை.

“மனப்பாடமா ஒப்பிக்கிறீங்கம்மா. அவர நெனச்சுக்குங்க.”

“நெனச்சுக்கிட்டுத்தாந் தம்பி இருக்கேன்.”

“கிளிசரின் ஊத்திடலாமா?” என்றான் சுஹைப்.

“சும்மா இருடா.” விஸ்வா கேமராவில் ஓடியதைத் திரும்பப் பார்த்தான். “பொட்டு இருக்கேம்மா! எங்கம்மாவும் அப்பா போனப்பறம் வச்சுக்கறாங்க, நான் தப்புன்னு சொல்லல. ஆனா டிவியில பாக்கறவன் நம்ப மாட்டான். அழிச்சிடுங்க.”

எல்லையம்மாள் கையை நெற்றிக்குக் கொண்டுபோனாள். பாதியில் நின்றது. லைட்டின் கூச்சத்தில் கண்ணைச் சுருக்கி, பின்னால் நின்ற அய்யாக்கண்ணுவைத் தேடிப் பார்த்தாள். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் முந்தானையால் துடைத்தாள். பிறகு வாய் கோணி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூமிகா “அம்மா, அம்மா” என்று அவளைப் பிடித்துக்கொண்டாள். பாட வேண்டிய இடத்தில் அவளுக்கும் குரல் உடைந்தது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

விஸ்வா அதைச் சென்னைக்கு அனுப்பினான். கால் மணி நேரத்தில் போன் வந்தது. “டாப் டென்!” என்று கத்தினான். பூமிகா அம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, சந்தோஷமே இல்லயா?”

“சந்தோஷந்தாண்ணா” என்றாள் பூமிகா.

“நாளைக்குக் காலையில ரெக்கார்டிங். ரெண்டு பேரும் இப்பவே வண்டியில ஏறுங்க.”

அய்யாக்கண்ணு பையைத் தூக்கிப்போய் வண்டியில் வைத்தார். வைத்துவிட்டும் நகரவில்லை.

“சார், நானும் வரட்டுமா? கீழ ஒரு ஓரமா உக்காந்து, அது மேடையில பாடுறத ஒரே ஒரு தரம் பாத்துட்டு வந்துர்றேன்.”

“கஷ்டம்ணே. குடும்பத்து ஆளுங்களுக்கு மட்டுந்தான் பாஸ். ஃபைனல் வரைக்கும் அதான் ரூல்.”

“செரி சார்.”

வண்டி பத்தடி போய் நின்றது. பூமிகா இறங்கி ஓடி வந்தாள். எதையோ விட்டுவிட்டதாகச் சொல்லியிருக்க வேண்டும். அய்யாக்கண்ணுவின் காலடியில் குனிந்து, இல்லாத ஒன்றைத் தேடினாள். விஸ்வா வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் நிமிராமலே சொன்னாள்.

“டிவியில பாத்துக்க, அப்பா.”