போயிட்டு வர்றேன்

இந்தக் காலத்துச் சனங்களுக்குக் கல்யாண விருந்து என்றால்தான் கால் நடக்கிறது. இழவு வீட்டுக்குத் தங்கள் முகத்தை ஒட்டிய ஒரு மெஷினை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். சடையாண்டிக்கு அதில் தீராத ஆத்திரம். போன வருடம் அவர் பெண்டாட்டி செத்தபோது, அவளுடைய கூடப்பிறந்த தம்பி மாசிலாமணியே அப்படித்தான் ஒன்றை அனுப்பினான். அது கைகொடுத்தது, தேம்பி அழுதது, கடைசியில், "போயிட்டு வர்றேன் மச்சான்" என்றது. சாவு வீட்டில் எவனாவது அப்படிச் சொல்வானா? அடுத்த சாவுக்கு வருகிறேன் என்றல்லவா அர்த்தம்!

இப்போது மாசிலாமணியின் பெண்டாட்டி போய்விட்டாள். அதே வார்த்தையை அவன் மூஞ்சிக்கு நேரே சொல்லியே தீர்வதென்று சடையாண்டி பஸ் ஏறி வந்துவிட்டார்.

வாசல் பெஞ்சில் மாசிலாமணி துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான். சடையாண்டி கைகொடுத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "போயிட்டு வர்றேன்டா" என்றார்.

"அவசியம் வாங்க மச்சான். அடிக்கடி வாங்க" என்று அது சிரித்தது.

"அடப்பாவி, துக்கம் கேக்க வர்றவனுக்கும் மெஷினாடா?"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து இன்னொரு மாசிலாமணி கதறினான். "மச்சான், என்னால வெளிய உக்கார முடியல. அன்னைக்கும் அக்கா மொகத்தைப் பாக்கத் தெம்பில்ல. உள்ள வாங்க மச்சான்."

அவன் சட்டையெல்லாம் கண்ணீர். சடையாண்டி கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு வாங்கி வச்சிருக்கான் பாரு" என்று காறித் துப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.