காலை ஆறு பத்து மழை

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள். கருவிகளின் பெயர்கள் வாயில் நுழையாது. தெரிந்த மாதிரிதான் சொல்வேன்.

எங்கள் அணுமின் நிலையத்து வானிலைத் தோட்டத்தைப் பெருக்குவது என் வேலை. தோட்டம் என்றால் வேலி போட்ட புல்தரை. அதில் காற்றை அளக்கும் கம்பம், வெள்ளை மரப்பெட்டி, மழை அளக்கும் பாத்திரம். முப்பத்தொரு வருஷமாக அவற்றைப் பார்த்து எழுதுகிறவர் சிம்பாத் அண்ணன்.

இந்தக் கோடையில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தானாகவே அளக்கும் புதுக் கருவி ஒன்றை நட்டார்கள். கொஞ்ச நாள் பழசும் புதுசும் சேர்ந்து ஓடும். இரண்டும் ஒரே அளவைச் சொன்னால் பழசைக் கழற்றிவிடுவார்கள். சிம்பாத் அண்ணனுக்கும் இரண்டு மாதத்தில் ஓய்வு.

ஜூலைக் கடைசியில், மாத அளவுகளைப் பார்க்க தலைநகர் யெரெவானிலிருந்து இன்ஜினியர் ஆர்சென் வந்தார். மடிக்கணினியோடு நேராகக் கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"பெரியவரே, இங்க பத்தொன்பது நாளா மழை பெய்யுது, தெரியுமா?"

சிம்பாத் அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். மாசிஸ் மலை உச்சிப் பனிவரைக்கும் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தது.

"எங்க தம்பி?"

"புது மழைமானியில. தினம் காலைல ஆறு பத்துக்குப் பத்து மில்லிமீட்டர் கொட்டுது. ஆறு பதினொண்ணுக்கு நின்னுடுது."

காபி ஊற்றிக்கொண்டிருந்த கயானே சிரித்தாள். "ஒழுங்கான மழைப்பா. எங்க வீட்டுக்காரரைவிட நேரத்துக்கு வருது."

ஆர்சென் சிரிக்கவில்லை. "வேடிக்கை இல்லம்மா. இங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எந்த ஊரை முதல்ல காலி பண்ணணும்னு காத்தையும் மழையையும் வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. யாரோ அதுல தண்ணி ஊத்துறாங்க. காலைல ஆறு மணிக்கு அங்க யாரெல்லாம் இருப்பீங்க?"

ஆறு பத்துக்கு அங்கே தண்ணீரோடு நிற்பவள் நான்தான்.

பழைய பாத்திரத்தைத் தொட்டால் சிம்பாத் அண்ணன் கையை உடைப்பார். புதுசைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. பளபளவென்று இருக்கிறதே, அதன் வாயில் தூசியும் குருவி எச்சமும் கிடந்தால் மனசு கேட்காது. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவேன். அதையெல்லாம் மழை என்று அது எண்ணிக்கொள்ளும் என்று எனக்கு என்ன தெரியும்?

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நாங்கள் காண்டிராக்ட் ஆட்கள். கருவியில் கைவைத்தோம் என்றால் அன்றைக்கே வாசலைக் காட்டுவார்கள். ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன என் கணவர் போன் செய்தே நாலு மாதம்.

"அவரும் நானும்தான் சார்," என்றேன். "நான் பெருக்கிட்டுப் போயிடுவேன்."

அது போதுமாக இருந்தது. எல்லோரும் சிம்பாத் அண்ணனைப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காபியை மண்டிவரைக்கும் குடித்து முடித்தார்.

"நான்தான் ஊத்துனேன்."

"ஏன்?"

"பிடிக்கல. என் வேலையைப் புடுங்க வந்த டப்பா."

ஆர்செனின் முகம் வாடிவிட்டது. "நாளைக்கு மேலிடத்துக்கு எழுதிக் கொடுக்கணும் பெரியவரே. கெட்ட பேரோட அனுப்புவாங்க. வழியனுப்பு விழாகூட இருக்காது."

"எழுதுங்க தம்பி."

அவர்கள் போனதும் கயானே உதட்டைப் பிதுக்கினாள். "இத்தனை வருஷமா தங்கமான மனுஷன்னு நெனச்சோம். போயும் போயும் ஒரு மிஷின் மேல பொறாமை."

நானும் தலையை ஆட்டினேன். அதை மறைக்க மாட்டேன்.

மத்தியானம் அவருடைய அறையைப் பெருக்கப் போனேன். மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பதிவேட்டில் எதையோ பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அழித்து எழுதாதவர் அவர்.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரி. 'மழை இல்லை. 6.10, வார்டுஹி புது மழைமானியைக் கழுவினாள். சேர்க்க வேண்டாம்.' முதல் மூன்று வரிகளில் என் பெயர் போயிருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"வானத்துலேருந்து விழுந்தது எது, விழாதது எதுன்னு தெரிஞ்சுக்கத்தானே எனக்குச் சம்பளம்."

"அப்ப ஏன் என்னைத் தடுக்கல?"

"கழுவாம விட்டிருந்தா ஒரே வாரத்துல தூசி அடைச்சிருக்கும். என்னைக் கிட்டயே போகக் கூடாதுன்னுட்டாங்க. நீயாவது செய்யறியேன்னு விட்டேன். எழுதித்தான் வெச்சேன், இன்னிவரைக்கும் எவன் இதைத் திறந்தான்? இப்பதான் ஆர்சென் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லி அனுப்பியிருக்கான். நகரு, வெளிச்சத்தை மறைக்காத."

"உங்க பேரு கெட்டுப்போகுமே."

"எனக்கு இன்னும் ரெண்டு மாசம். உனக்குப் பதினஞ்சு வருஷம். போ, வார்டுஹி ஜான், என் கண்ணு, அந்தப் பக்கம் பெருக்கு."

நான் பயந்தவள். வேலை போய்விடும் என்று பயம். இன்னும் பதினாறு வரியை அவர் சுரண்டி முடித்தால் அப்புறம் ராத்திரி எப்படித் தூங்குவேன் என்று அதைவிடப் பயம். பதிவேட்டை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நாற்காலியில் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் திட்டினார், கெஞ்சினார். ஆர்சென் வந்து நிற்கும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை.