நூறு வருஷத்துக்கு ஐஸ்

ஹார்லன் கண்ணை மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஃபீனிக்ஸ் நகரத்து வீட்டுக் கூடத்தில் மகனும் மகளும் மல்லுக்கு நின்றார்கள்.

"அப்பாவை உறைய வெச்சா, நூறு வருஷம் கழிச்சு விஞ்ஞானம் எழுப்பிடும்," என்றான் கிளேட்டன், தானே கண்டுபிடித்தவன் போல. வாசலில் உடலை உறைய வைக்கும் கம்பெனியின் வண்டி ஐஸ் தொட்டியோடு தயாராக நின்றது. அம்மா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"இந்த ஊர் வெயில்ல கரன்ட் போனா அப்பா சூப் ஆயிடுவாரு," என்றாள் தங்கை டெல்ஃபின். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "பாஸ்டரே சொல்லிட்டாரும்மா. உறைய வெச்சா ஆத்மா தொட்டியிலேயே கிடக்குமாம். அப்பா பரலோகம் போக முடியாது."

ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிடாத அம்மா வெர்னிஸ் நிமிர்ந்தாள். "நிச்சயமா போக முடியாதா?"

"முடியவே முடியாது."

வெர்னிஸ் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"பாத்தியா? அம்மாவே விஞ்ஞானத்தை நம்புறாங்க," என்று கிளேட்டன் மார்தட்டினான். வண்டி புறப்பட்டதும் அம்மாவை அணைத்துக்கொண்டான். "அப்பா பக்கத்துல உங்களுக்கும் ஒரு தொட்டி சொல்லிடவா?"

"ஐயோ, வேண்டாம்ப்பா. என்னை சர்ச் பின்னாடியே புதைச்சிடுங்க. நான் நேரா மேல போகணும்." வெர்னிஸின் முகம் பதினெட்டு வயசுக்காரி போலச் சிவந்தது. "உங்கப்பாவுக்கு முன்னாடி என்னைக் கட்டினவரு எல்வுட். நாலாம் மாசமே போயிட்டாரு. ஐம்பத்திரண்டு வருஷமா அங்கே எனக்காகக் காத்திட்டிருக்காரு. நாங்க சேர்ற நேரத்துல உங்கப்பாவும் வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"