வாசற்படியில் மிச்சத் தண்ணீர்

லேபர் கேம்ப் குடியிருப்பின் சந்தில் வெயில் சாய்கிறது. இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து வாங்கிய பிரஷர் வாஷரால் இசக்கிதுரை வாசற்படியில் தண்ணீரைப் பீய்ச்சுகிறார். மோட்டார் கிடந்து அலறுகிறது. மழைக்காலப் பாசி கறுப்பாகக் கரைந்தோடுகிறது. அடியில், சிமெண்டில் பதிந்த ஒரு குழந்தைக் கால் தெரிகிறது. தண்ணீரின் வேகத்தில் அதன் பெருவிரலோரம் உதிரத் தொடங்குகிறது. “நிறுத்துங்க! நம்ம கனி காலுல்லா அது!” மனைவி சண்முகத்தாய் பதறுகிறாள். படி பூசிய அன்று ஈரத்தில் மிதித்தோடிய மகள், இப்போது கல்யாணமாகி வாஷி நகரில் குடித்தனம் நடத்துகிறாள். அவர் சுவிட்சை அணைக்கிறார். “டியூப்ல மிச்சத் தண்ணி நின்னா மிஷின் கெட்டுரும்ளா” என்று முணுமுணுத்தபடி குழல்முனையைத் தாழ்த்தி, விசையை மெல்ல அழுத்துகிறார். சத்தமில்லாமல் நீர் வழிகிறது. அந்தப் பாதத்தின் ஐந்து விரல்களும் நிரம்பும்வரை அவர் கையை எடுக்கவில்லை.