ஏழாவது படி

முதல் ஊசிக்குக் கிளம்பிய காலையில் அந்தோணிராஜ் தன் இட்லியில் பாதியைப் பிய்த்து நாய் மணிக்குப் போட்டார். "எனக்கு முந்தி ஊசி குத்திக்கிட்ட மகராசன்லா, தின்னட்டும்."

அவருடைய புற்றுநோய்க் கட்டியின் துணுக்கை ஆஸ்பத்திரி அந்த நாயின் உடம்பில் வளர்த்து, கட்டியை அளக்கும் பட்டையைக் கழுத்தில் மாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. எந்த மருந்தும் முதலில் நாய்க்கு. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஆளுக்கு. மணியின் கட்டி கரைந்தே போனது. ஆனால் மாடி ஏறும்போது ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அவர் மனைவி ஸ்டெல்லா இதைச் சொன்னாள்.

"வயசாகுதும்மா அதுக்கு," என்று டாக்டர் சிரித்தார்.

"நாலு வயசுதான் டாக்டர்."

"கட்டி போயிடுச்சே, அதைப் பாருங்க."

அவர் நீட்டிய கட்டி அறிக்கையில் அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது ஊசி போட்ட வாரம், அந்தோணிராஜ் அதே ஏழாவது படியில் உட்கார்ந்தார். எழவில்லை.

அடக்கம் முடிந்து, மணியின் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் திரையை அவள் பக்கம் திருப்பினாள். பட்டை நாயின் இதயத்தையும் அளந்துகொண்டே இருந்திருக்கிறது. முதல் மாதத்திலேயே அதன் பலம் பாதியாகக் குறைந்திருந்தது.

"இத ஏன் எங்ககிட்ட காட்டல?"

"நீங்க கட்டி அறிக்கைக்குத்தானே கையெழுத்துப் போட்டீங்க, அக்கா."

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து மாடி ஏறினாள். பின்னாலேயே வந்த மணி ஏழாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியது.