ருசி பார்த்த ஆமை

சீனத்துச் சக்கரவர்த்திகள் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகியும், அரண்மனைத் தோட்டத்துக் குளத்தில் இருந்த கிழட்டுக் கெண்டைக்குச் சந்தேகம் மட்டும் போகவில்லை. டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் பாலத்தில் நின்று ரொட்டித் துண்டு போட்டால், எவன் விஷம் வைத்தானோ என்று வாயை இறுக மூடிக்கொள்ளும். அரண்மனை வழக்கப்படி, கூட இருக்கும் ஆமைதான் முதலில் தின்று பார்க்க வேண்டும்.

ஆமை ஒரு துண்டைத் தின்னும். "இன்னும் சரியாத் தெரியலைங்க" என்று அடுத்ததையும் தின்னும். கடைசித் துண்டு வரை அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டு மாதத்தில் கெண்டை வெறும் முள்ளும் செதிலுமாகிவிட்டது. ஆமைக்கோ ஓட்டுக்குள் கால் அடங்கவில்லை.

கெண்டை அதை ஏற இறங்கப் பார்த்தது.

"எனக்கு அப்பவே தெரியும், விஷந்தான். உடம்பு எப்படி வீங்கியிருக்கு பாரு" என்றது.