ஒரு குடம் கழிவு

குழாயிலிருந்து ஊதா நுரை பொங்கித் தொட்டியில் விழுந்தது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கனகசபாபதி நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"கழிவுத் தண்ணியில மீன்குஞ்சு பொழைச்சாத்தான் லைசென்ஸ்னு சட்டம். பாருங்க சார், எப்படித் துள்ளுது!" என்றார் சாயப்பட்டறை மேனேஜர் சடையப்பன்.

முதுகு வளைந்த ஒற்றைக்கண் குஞ்சுகள் சளி வழிய நீந்தின. அந்தத் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகப் பொரிந்தவை.

கனகசபாபதிக்குச் சந்தேகம். ஒன்றை அள்ளித் தன் குடிநீர் பாட்டிலுக்குள் விட்டார். அது ஒரு துடிப்புத் துடித்து, மல்லாந்து செத்தது.

"உங்க தண்ணிதான் சரியில்லீங்க சார்!" மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தொட்டி கழுவும் நிறைமாதக்காரி தெய்வானை சிரிக்கவில்லை. பாட்டிலையே வெறித்தாள்.

"என் மூத்த புள்ளையும் இப்படித்தானுங்க. நாங்க குடிக்கிறதே இந்தத் தண்ணி. பொறந்ததும் டவுன் ஆஸ்பத்திரியில நல்ல தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனாங்க. நர்சம்மா கையிலயே மல்லாந்துருச்சு."

கனகசபாபதி பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு அங்கதானுங்க சேரப்போறேன்." அவள் காலிக் குடத்தை நீட்டினாள். "இந்தத் தொட்டித் தண்ணியில ஒரு குடம் வெளிய கொண்டுபோக நீங்கதான் பர்மிஷன் தரோணும்."